சான் கொம்: கூட்டு உழைப்பால் எழுந்த ஒரு மாயா உள்ளாட்சி

மெக்சிகோவின் யுக்காத்தான் மாநிலத்தில், சிச்சென் இட்சா இடிபாடுகளுக்குத் தெற்கே உள்ள சிற்றூர் சான் கொம். மாயா மக்களைப் பற்றிய ஆய்வு என்றாலே பிரமிடுகளும் நாட்காட்டியும் முன்னிற்கின்றன. மாயா மொழி பேசி, மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்துவரும் உழவர்களின் அண்மைக்கால வரலாறும் அதே அளவு கவனத்துக்கு உரியது. காட்டுக் குடியிருப்பாகத் தொடங்கிய சான் கொம், ஏறத்தாழ அரை நூற்றாண்டில் தனி உள்ளாட்சியின் தலைமை ஊரானது. அந்த உயர்வுக்கு அடிப்படை ஊராரின் கூட்டு உழைப்பே என்பதும், உழைப்பின் பலன் சமமாகச் சேராதபோது ஊர் பிளவுண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குடியேற்றமும் நிலமும்

1847இல் வெடித்த மாயா எழுச்சியான ‘சாதிப் போர்’ யுக்காத்தானின் கிழக்குப் பகுதியைப் பாழாக்கியது. பல ஊர்கள் காடாயின. 1880களில், வயடோலிட் நகருக்கு அருகிலுள்ள எப்டுன் ஊரின் உழவர்கள் புது விளைநிலம் தேடி வந்து சான் கொம்மில் தங்கினர். ஆறுகளற்ற இச்சுண்ணாம்பு நிலத்தில், பாறை இடிந்து நிலத்தடி நீர் வெளிப்படும் ‘செனோட்டே’ எனும் இயற்கைக் கிணறே உயிராதாரம். அதைச் சுற்றியே ஊர் வளர்ந்தது.

அவர்களின் வேளாண்மை முறை ‘மில்பா’. காட்டை வெட்டி உலர்த்தி எரித்து, மழை தொடங்கியதும் கூரிய கோலால் குழியிட்டு மக்காச்சோளம் விதைப்பார்கள். அவரையும் பூசணியும் அதனூடே வளரும். இரண்டு விளைச்சலுக்குப் பின் நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக விட்டுவிடுவார்கள். எனவே ஒரு குடும்பத்துக்கு, அது பயிரிடும் அளவைப்போல் பன்மடங்கு நிலம் வேண்டும். மெக்சிகோ புரட்சிக்குப் பின் வந்த நிலச் சீர்திருத்தத்தின்கீழ், 1920களில் ‘எஹிதோ’ எனும் பொதுநிலம் ஊருக்குக் கிடைத்தபோது இத்தேவைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டானது.

ஃபாஹினா: ஊரை ஆக்கிய கடமை

வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஊருக்காக ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்ற நியதிக்கு ‘ஃபாஹினா’ என்று பெயர். நேர்கோட்டுத் தெருக்கள், நடுச் சதுக்கம், பள்ளிக்கூடம், சிச்சென் இட்சாவுக்குச் செல்லும் சாலை எல்லாம் இந்த உழைப்பில் உருவானவை. கடமையை ஏற்காதவருக்கு ஊரில் இடமிருக்கவில்லை. எவுஸ்தாகியோ செமே எனும் உறுதிமிக்க தலைவர் இம்முயற்சிகளுக்கு முன்னின்றார். 1935இல் சான் கொம் தனி உள்ளாட்சியின் தலைமையிடமானது.

1920களின் பிற்பகுதியில் ஆசிரியராக வந்த அல்போன்சோ வியா ரோஹாஸ், சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ராபர்ட் ரெட்ஃபீல்டுடன் இணைந்து இவ்வாழ்வைப் பதிவு செய்தார். அவர்களின் நூல் 1934இல் வெளிவந்தது.

சடங்கில் ஊர்

மழை பொய்க்கும்போது நடத்தப்படும் ‘சா சாக்’ சடங்கிலும் இதே கூட்டுணர்வைக் காண்கிறோம். ஆண்கள் ஒன்றுகூடிப் பலிபீடம் அமைப்பர். மண்ணைத் தோண்டி அமைத்த அடுப்பில் மக்காச்சோள ரொட்டி வேகும். மரப்பட்டையும் தேனும் சேர்த்த ‘பால்சே’ பானம் படைக்கப்படும். சடங்காளரான ‘ஹ்மென்’ மழைத் தெய்வங்களான சாக்குகளையும் கத்தோலிக்கப் புனிதர்களையும் ஒரே வழிபாட்டில் அழைப்பார். பலிபீடத்தின் அடியில் அமர்ந்த சிறுவர்கள் தவளைபோல் கத்தி மழையை வரவேற்பர். மழை தனி ஒருவருக்குப் பெய்வதில்லை. ஆதலால் வேண்டுதலும் ஊர் முழுமைக்குமானது.

பிளவுகள்

1930களில் புராட்டஸ்டன்ட் சமயம் ஊருக்குள் வந்தது. தொடக்கத்தில் முன்னணிக் குடும்பங்களிலும் சிலர் அதில் சேர்ந்தனர். பின்னர் பலர் கத்தோலிக்கத்துக்குத் திரும்ப, ஊர் இரு பிரிவானது. 1948இல் மீண்டும் வந்த ரெட்ஃபீல்ட், கல்வீடுகளும் கடைகளும் கால்நடைச் செல்வமும் பெருகியிருக்கக் கண்டார். 1950இல் வெளியிட்ட நூலில், முன்னேற்றத்தைத் தானே தேர்ந்துகொண்ட கிராமம் என்று இதை வருணித்தார். நிலம் போதாமல் வருவதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை.

1965இல் ஆய்வாளர் விக்டர் கோல்ட்கைண்ட் இச்சித்திரத்தை மறுவாசிப்புக்கு உட்படுத்தினார். செல்வமும் அதிகாரமும் சிலர் கையில் குவிந்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இவ்விமர்சனம் அவசியமானது. எல்லோரும் சேர்ந்து சாலை அமைத்தார்கள் என்பதாலேயே, சாலை தந்த வணிகத்தில் எல்லோருக்கும் சம பங்கு கிடைத்துவிடவில்லை. ஊரின் ஒற்றுமையைப் போற்றும் ஆய்வு இந்த ஏற்றத்தாழ்வையும் அளக்க வேண்டும்.

1970களில் எழுந்த கான்குன் சுற்றுலா நகரம் அடுத்த திருப்பம். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் இளைஞர்கள் கடற்கரைக்குச் சென்றனர். 1996இல் வெளிவந்த அலிசியா ரே குரூசின் ஆய்வு, மில்பாவை வாழ்வின் மையமாகக் கொண்டோருக்கும் கான்குன் சென்றோருக்கும் இடையே ஊர் அரசியலில் உருவான போட்டியை விளக்குகிறது. புலம்பெயர்ந்தவர்களும் ஊர்ப் பதவிக்கும் விழாவுக்கும் உரிமை கோரினர். ஊரைவிட்டுப் போனது அவர்களின் உடலுழைப்பு. உறுப்பினர் என்ற உரிமையை அவர்கள் விடவில்லை.

முடிவுரை

சான் கொம்மின் வரலாற்றை மரபு நவீனத்திடம் தோற்ற கதையாகச் சுருக்க முடியாது. பள்ளியையும் சாலையையும் உள்ளாட்சித் தகுதியையும் மாயா உழவர்கள் தாங்களே நாடிப் பெற்றனர். அதற்குக் கருவியானது அவர்களின் பழைய கூட்டுக் கடமையே. அக்கடமை மில்பா நிலத்தோடு பிணைந்திருந்தது. நிலம் சுருங்கி, ஊதியம் நகரத்திலிருந்து வரத் தொடங்கியபின், ஊருக்குக் கடன்பட்டவர் யார், ஊரின் பெயரால் பேசத் தக்கவர் யார் என்ற கேள்விகள் எழுந்தன. மாயா உள்ளாட்சிகளை ஆராய்வோர் இவ்விரு கேள்விகளிலிருந்து தொடங்கினால், அம்மக்களைத் தங்கள் வரலாற்றைத் தாங்களே உருவாக்கியவர்களாகக் காண முடியும்.