மாத நாவல்களின் அட்டைப்படங்கள்

ஃபேரர் பார்க் என்றதும் நம் நினைவுக்கு வருவன குதிரைப் பந்தயமும் பெருமாள் கோயிலும் விளையாட்டுத் திடலும்தாம். பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதற்கு அடுத்துள்ள சிராங்கூன் சாலை வட்டாரத்தின் பத்திரிகைக் கடைகளில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய தமிழ் மாத நாவல்களைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். ஓர் அட்டையில் இரத்தம் சொட்டும் கத்தி. மற்றொன்றில் கூந்தல் கலைய அலறும் பெண். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் செய்தித்தாளில் உறை போட்டுப் படித்தார்கள். இந்த அட்டைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்றுப் பார்ப்போம்.

இந்த வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1896-இல் 'ஆர்கசி' என்ற இதழ் மலிவான மரக்கூழ்த் தாளில் முழுக்க முழுக்கக் கதைகளையே வெளியிடத் தொடங்கியது. அதன் வழியில் நூற்றுக்கணக்கான இதழ்கள் தோன்றின. உள்ளே பழுப்புத் தாள், ஒரே கறுப்பு மை. வெளியேயோ வழவழப்பான அட்டை, பல வண்ணம். ஒரே கடையில் பல இதழ்கள் போட்டியிட்டபோது, வாங்குபவரைத் தூரத்திலேயே நிறுத்த வேண்டிய பொறுப்பு அட்டைக்கு வந்தது. 1923-இல் தொடங்கிய 'வியர்டு டேல்ஸ்' இதழுக்கு 1930-களில் மிகத் துணிச்சலான அட்டைகளை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி. அவர் 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டதால், வரைந்தவர் ஆணா பெண்ணா என்பது படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மர்மக் கதைகளுக்கு வாசகர்களைத் தேடித் தந்தார்கள். பின்னர் தமிழ்வாணன், தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் தம் அடையாளச் சின்னமாகவே ஆக்கிக்கொண்டார். 1969-இல் 'ராணி முத்து' வந்தது. அதன்பின் மாதம் ஒரு முழு நாவல் என்ற முறை வேரூன்றியது. ஜெயராஜ், மாருதி போன்ற ஓவியர்களின் கோடுகளைக் கையெழுத்தைப் பார்க்காமலே அடையாளம் கண்டுகொள்ளும் வாசகர்கள் உருவானார்கள். 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றோரின் பெயர்கள் அட்டையில் படத்துக்குப் போட்டியாக நின்றன.

இந்த வண்ணங்களின் பின்னணியில் ஒரு தொழில் வரலாறும் இருக்கிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டும். அந்தத் தேவை அச்சகங்களை வளர்த்தது. அச்சகங்கள் நாட்காட்டிகளை அச்சிட்டன. 1972-இல் 'முத்து காமிக்ஸ்' அதே ஊரிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யுடன் புறப்பட்டது. பட்டாசுப் பெட்டியிலும் கதைப் புத்தகத்திலும் ஒரே வகைச் சிவப்பும் மஞ்சளும் பளிச்சிட்டதில் வியப்பில்லை அல்லவா?

மஞ்சள் என்றதும் சிங்கப்பூர் வரலாற்றில் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1959-இல் பதவியேற்ற அரசு 'மஞ்சள் கலாசார' எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியது. ஆபாச ஏடுகள் அதன் முக்கிய இலக்குகளுள் ஒன்று. சீன மொழியில் மஞ்சள் என்பது ஆபாசத்தையும் குறிக்கும். தமிழர் வீட்டிலோ அது மங்கலம். 1967-இல் விரும்பத்தகாத வெளியீடுகள் சட்டமும் வந்தது. இளையோர் நலன் கருதிய அந்த அக்கறையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அட்டையை மட்டும் பார்த்து ஒரு நூலையும், அதைப் படிப்பவரையும் எடை போடுவது வேறு. அலறும் பெண்ணைக் காட்டிய அட்டைக்குள், குற்றவாளி பிடிபட்டு நியாயம் நிலைபெறும் கதையே பெரும்பாலும் இருந்தது. கதையைச் சுருக்கிச் சொல்வது அட்டையின் வேலையன்று. வாங்க வைப்பதே அதன் வேலை.

அதனால்தான் அது வரலாற்றுச் சான்றாகிறது. எழுத்தாளர் எதைச் சொல்ல விரும்பினார் என்பதைக் கதை காட்டும். மக்கள் எதைக் கண்டு அஞ்சுவர், எதற்கு ஆசைப்படுவர் என்று வெளியிட்டவர் போட்ட கணக்கை அட்டை காட்டும். பெண்ணை எப்போதும் பலியாளாகவோ மோகினியாகவோ மட்டும் வரைந்த கணக்கும் அதில் அடங்கும். அதை நாம் மறைக்க வேண்டாம், ஆராய வேண்டும்.

ஆராய அட்டைகள் வேண்டுமே! தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்வது தமிழர் வழக்கம். கதை பிழைத்தது, அட்டை பழைய தாளோடு போயிற்று. சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவில் காக்கும் முயற்சி 2015-இல் நிறைவேறியது. ஆனால் அது இவ்வூர்ப் படைப்புகளுக்கானது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த மாத நாவல்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவோ நூல்களோடு நாடக நோட்டீசு, விளம்பரத் தாள் என்று பிறர் வீசியவற்றையும் திரட்டினார். அவர் தொழிலால் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

ஃபேரர் பார்க் வட்டாரத்து வீடுகளில் இன்னும் பழைய பெட்டிகள் இருக்கக்கூடும். வீடு மாறும்போது அவற்றில் ஒரு மாத நாவல் கிடைத்தால், அட்டையைக் கிழிக்காமல், எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து உள்ளே வையுங்கள். நம் தாத்தா பாட்டிமார் எதைப் படித்தார்கள் என்று நாளை ஒரு மாணவர் கேட்கும்போது, காட்டுவதற்கு ஏதேனும் இருக்கட்டும்.