லேடாங் ஏறியவர்களின் மூட்டை

1854 செப்டம்பரில் ஆல்ஃபிரட் வில்ஸ் என்ற ஆங்கில வழக்கறிஞர் சுவிட்சர்லாந்தின் வெட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். ஆல்ப்ஸ் மலையேற்றத்தின் பொற்காலத்தை அந்த நாளிலிருந்து கணக்கிடுவது வழக்கம். அதே ஆண்டில், ஏறக்குறைய அதே பருவத்தில், இன்னோர் ஆல்ஃபிரட் மலாக்கா பக்கத்திலிருந்து குனோங் லேடாங்குக்குப் புறப்பட்டார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பூச்சியும் பறவையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் ஊர் சுற்றியவர். ஐரோப்பியர் இந்த மலைக்கு வைத்த பெயர் ஓஃபீர். உயரம் 1,276 மீட்டர்தான். ஆல்ப்ஸ்காரர்கள் இதைக் குன்று என்றுகூடச் சொல்லலாம். ஜொகூரில் இதைவிட உயரமான மலை கிடையாது.

வாலஸ் என்னென்ன கட்டிக்கொண்டு போனார் என்பது 1869இல் வெளிவந்த அவருடைய மலாய்த் தீவுகள் பற்றிய நூலில் இருக்கிறது. ஒரு வாரமாவது தங்க வேண்டும் என்ற கணக்கில் அரிசி, கொஞ்சம் பிஸ்கட், வெண்ணெய், காப்பி, கருவாடு, சிறிது பிராந்தி, கம்பளி, மாற்றுத்துணி. அதற்கு மேல் பூச்சிப் பெட்டிகள், வலைகள், துப்பாக்கிகள், வெடிமருந்து. சுமக்க ஆறு மலாய்க்காரர்கள். ஆயர் பானாஸில் இருந்த அரசாங்க பங்களாவிலிருந்து மலைக்கு 30 மைல் இருக்கும் என்று சொன்னார்கள்.

முதல் இரவு ஒரு மலாய்த் தலைவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் கழிந்தது. அவர் படுக்க இடமும், ஒரு கோழியும், சில முட்டைகளும் கொடுத்தார். மறுநாள் முழங்கால் வரை சேறு, கூடவே அட்டை. இலை நுனியில் காத்திருந்து, ஆள் நெருங்கியதும் உடலை நீட்டி ஒட்டிக்கொள்ளும் அந்த ஜந்துவை வாலஸ் அறிவியலாளரின் நிதானத்தோடுதான் விவரிக்கிறார். ஆனாலும் கழுத்து ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே ஒன்று வயிறு நிறையக் குடித்துவிட்டதைக் குறிப்பிடாமல் விடவில்லை.

அட்டையைவிடத் தண்ணீர்தான் பெரிய சிக்கல். பாடாங் பத்து என்ற பாறைவெளியில் ஊற்று இருக்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. சுற்றிலும் குடுவைச் செடிகள். ஒவ்வொரு குடுவையிலும் தண்ணீர் இருந்தது. செத்த பூச்சிகளும் மிதந்தன. துணிந்து குடித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் சூடாக இருந்தாலும் நன்றாகவே இருந்ததாம்.

உச்சிக்கு முந்தைய முகட்டில் சுமைகாரர்கள் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். இனி முடியாது என்றார்கள். ஆனால் ஊற்று இருந்ததோ உச்சிக்கு அருகில். ஆளுக்கொரு கம்பளியும் கொஞ்சம் சாப்பாடும் எடுத்துக்கொண்டு வாலஸ் குழுவினர் தொடர்ந்தபோது கூடப் போனவர்கள் இருவர் மட்டுமே: மலாக்கா வியாபாரிகளுக்காகப் பறவை சுட்டு அந்த மலையில் பழகிய ஒரு மலாய் முதியவரும் அவர் மகனும். அன்றிரவு கிளைகளையும் இலைகளையும் பரப்பிப் படுத்தார்கள்.

பாதி வழியில் பலர் நின்றுவிட, சிலரே மேலே போவது லேடாங்கின் பழைய கதையிலும் உண்டு. பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் மலாக்கா சுல்தான் மஹ்மூட் லேடாங் இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். காற்றும் குளிரும் தாங்காமல் மற்றவர்கள் தங்கிவிட, அனுப்பப்பட்டவர்களில் ஒருவரான துன் மாமாட் சிலரோடு ஏறுகிறார். மேலே அவருக்குக் கிடைத்த பதில் உலகறிந்தது: மலாக்காவிலிருந்து மலைவரை தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும், ஏழு தாம்பாளம் கொசு இதயம், ஒரு தாழி கண்ணீர், கடைசியில் இளவரசனின் ரத்தம்.

கதையில் ஏறியவருக்குப் பெயர் இருக்கிறது. வெட்டர்ஹார்னில் வில்ஸுக்கு வழிகாட்டிய உல்ரிக் லாவனர், பீட்டர் போரன் பெயர்களும் மலையேற்ற நூல்களில் நிலைத்துவிட்டன. வாலஸை உச்சிக்கு அழைத்துப்போன தகப்பனும் மகனும் அவருடைய பயணக் கதையில் பெயரில்லாமலேயே வந்து போகிறார்கள். இத்தனைக்கும் அங்கே வழி, தண்ணீர், படுக்கை மூன்றுக்கும் அவர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஆல்ப்ஸில் இந்தச் சுமை மெல்லக் கட்டடங்களுக்கு மாறியது. 1863இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் சங்கம் அதே ஆண்டில் டோடி மலையில் தன் முதல் குடிலைக் கட்டியது. இன்று 150க்கு மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. ஜூன் பிற்பாதியில் பல குடில்களுக்குப் பொறுப்பாளர்கள் வந்துவிடுவார்கள். கணவாய்களில் பனி எவ்வளவு மிச்சம் என்று விசாரித்து, படுக்கைக்குப் பதிவு செய்துவிட்டால் அரிசி மூட்டை தேவையில்லை.

லேடாங் அடிவாரத்துக்கு வந்தது குடில் அல்ல, ரப்பர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட சீன வணிகர் தான் சே யான், அடுத்து மலையை ஒட்டிய புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். மலாயா முழுக்கப் பால்மரம் பரவியபோது மரம் சீவிப் பால் எடுக்கத் தமிழர்கள் வந்தார்கள். வாலஸ் சேற்றில் நடந்த காடு போன்றவை அப்படித்தான் நிரை நிரையாகத் தோட்டங்களாயின.

ஜொகூரின் காட்டை நாள்கணக்கில் நடந்து பார்த்த இன்னொருவர் ரஷ்ய மானிடவியலாளர் மிக்ளூகோ-மக்ளாய். 1874 முடிவில் புறப்பட்டு 1875 தொடக்கத்தில் திரும்பினார். அவர் மூட்டையில் முக்கியமான பொருள் ஜொகூர் மகாராஜா அபூ பாக்காரின் கடிதம். அதைக் காட்டினால் ஊர்த்தலைவர்கள் சுமைக்கு ஆள் தருவார்கள்.

அதே ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டில் 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. 1993இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. வாலஸ் லேடாங்கில் தடம் பார்த்த காண்டாமிருகம் மலேசியாவில் 2019இல் முற்றாக அழிந்தது. கம்போங் பேத்தாவின் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் இன்று பூங்காவில் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஆண்டிறுதி மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். மக்ளாய் நடப்பதற்குத் தேர்ந்தெடுத்தது அதே மாதங்களைத்தான்.