பதினைந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்த பிள்ளைகள்

சீன தேசத்தின் தென்கோடியில், காண்டன் பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1872-ம் வருஷம் சில தகப்பனார்கள் ஒரு விநோதமான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தன் மகனைச் சர்க்கார் அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதில் தனக்குச் சம்மதம். படிப்புக் காலம் 15 வருஷம். அதற்கிடையே பிள்ளைக்கு நோய் வந்தாலும், விபத்து நேர்ந்தாலும், உயிரே போனாலும் சர்க்காரைப் பொறுப்பாளியாக்க மாட்டேன். இதுதான் பத்திரத்தின் சாரம். பிள்ளைகளோ பெரும்பாலும் பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள்.

பெரிய இடத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் சேரவில்லை. அவர்களுக்கென்று ராஜபாட்டை ஒன்று தயாராக இருந்தது. பழைய நூல்களை உருப்போட்டு, ராஜாங்கப் பரீட்சை எழுதி, உத்தியோகத்தில் அமர்வது. மிலேச்ச தேசத்துக்குப் போய் எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொள்ளவா பெரிய இடத்துப் பிள்ளை பிறந்தான்? அங்கே போகிற பையன்களை உயிரோடு தோலுரித்து, நாய்த்தோலை ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டுவார்கள் என்று கிராமங்களில் வதந்தி வேறு உலவிற்று. ஆகவே, கப்பலையும் வெள்ளைக்காரனையும் பார்த்துப் பழகிய மக்காவ் துறைமுகத்துப் பக்கத்து ஜனங்கள்தான், அதிலும் கையில் அதிகம் இல்லாதவர்கள்தான், துணிந்து பிள்ளைகளை அனுப்பினார்கள்.

இந்தத் திட்டம் ஒரு தனி மனிதருடைய கனவு. யூங் விங் என்பது அவர் பெயர். 1828-ல் மக்காவுக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏதாவது ஒரு கட்டுரை எழுதும்படி ஆசிரியர் சொல்ல, நியூயார்க்குக்குப் போய் ஹட்ஸன் நதியில் பயணம் செய்வதாகக் கற்பனை செய்து எழுதினாராம் பையன். இரண்டு வருஷங்களுக்கெல்லாம் கற்பனை உண்மையாகிவிட்டது. அந்த ஆசிரியர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பும்போது, தம்முடன் வர விருப்பமுள்ளவர்கள் யார் என்று வகுப்பில் கேட்டார். மூன்று பேர் எழுந்து நின்றார்கள். 1847-ல் தேயிலை ஏற்றிய கப்பலில் மூவரும் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

யூங் விங்கின் குணத்தை அறிய ஒரு சம்பவம் போதும். கல்லூரிப் படிப்புக்குப் பணமில்லை. பிற்காலத்தில் சீனாவில் மதப் பிரசாரகராக வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தால் உபகாரச் சம்பளம் தருகிறோம் என்றார்கள் பள்ளி நிர்வாகிகள். அவர் கிறிஸ்தவர்தான், ஆனாலும் மறுத்துவிட்டார். எந்த வேலையில் என் தேசத்துக்கு அதிகப் பிரயோஜனம் என்று பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன், இப்போதே கையைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்பது அவர் வாதம். கடைசியில் நிபந்தனை போடாத சில ஸ்திரீகளின் சங்கம் உதவிற்று. சக மாணவர்களுக்குச் சாப்பாட்டு விடுதியை நிர்வகித்தும், விவாத சங்கத்தின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டும் மீதிச் செலவைச் சரிக்கட்டினார். 1854-ல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான்.

யேல் என்ற பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகளுக்கு ஒரு பழைய சமாசாரம் நினைவுக்கு வரலாம். 1687 முதல் 1692 வரை நமது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல்தான் அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்தவர். 1718-ல் அவர் அனுப்பிய மூட்டைகளிலிருந்த துணிமணிகளை விற்று ஐந்நூற்றுச் சொச்சம் பவுன் கிடைத்தது. அந்த நன்றிக்குக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. சென்னையில் அவர் செல்வம் சேர்த்த விதம் பெருமைப்படத்தக்கதல்ல. அது இருக்கட்டும்.

தாம் பெற்ற படிப்பைத் தம் தேசத்துப் பிள்ளைகளும் பெறவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு யூங் விங் ஊர் திரும்பினார். கேட்பார் யார்? பதினாறு பதினேழு வருஷங்கள் காத்திருந்தார். குமாஸ்தா வேலை, தேயிலை வியாபாரம், சர்க்காருக்காக அமெரிக்காவில் யந்திரங்கள் வாங்கி வந்தது என்று காலம் ஓடிற்று. கடைசியில் ஸெங் குவோஃபான், லீ ஹுங்சாங் என்ற இரண்டு பெரிய அதிகாரிகள் திட்டத்தைக் கையிலெடுத்து ராஜ சன்னிதானத்தில் விண்ணப்பம் செய்தார்கள். அனுமதி கிடைத்தது. வருஷத்துக்கு 30 பேராக நான்கு வருஷத்தில் 120 பையன்கள். செலவு ஷாங்காய்ச் சுங்க வருமானத்திலிருந்து. அரண்மனைக்கு வேண்டியிருந்தது என்ன? பீரங்கி வார்க்கவும், கப்பல் கட்டவும், தந்தி அடிக்கவும் தெரிந்த ஆட்கள். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தொழில் புதிதாக இருக்கவேண்டும். ஆள் பழைய ஆளாகவே திரும்பவேண்டும். பின்னால் வந்த வினை அத்தனைக்கும் விதை இந்த ஒரு நிபந்தனையில் இருந்தது.

முதல் 30 பேர் 1872 ஆகஸ்டில் ஷாங்காயிலிருந்து புறப்பட்டார்கள். ஜப்பான் வழியாகப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து ஸான்பிரான்ஸிஸ்கோ; அங்கிருந்து, போட்டு மூன்றே வருஷமாகியிருந்த கண்டம் தாண்டும் ரயிலில் கிழக்குக் கரை. அடுத்த வருஷம் போன கூட்டத்துக்கு வழியில் நல்ல வரவேற்பு. அவர்கள் வந்த ரயிலைக் கொள்ளைக்காரர்கள் மறித்துக் கவிழ்த்தார்கள்! நாகரிக தேசத்தைப் பற்றி ஆசிரியர் சொல்லித் தராத முதல் பாடம் அது.

யூங் விங் செய்த ஏற்பாடுகளில் மிக முக்கியமானது, பையன்களை ஒரே விடுதியில் அடைத்து வைக்காததுதான். கனெக்டிகட், மாஸசூஸெட்ஸ் மாகாணங்களின் சிற்றூர்களில் இரண்டிரண்டு பேராக, சிலவிடத்தில் நான்கு பேராக, குடும்பங்களில் விட்டார். உபாத்தியாயர், பாதிரியார், வைத்தியர் வீடுகள். பையன்களை அழைத்துப் போக வந்த வீட்டம்மாள் தன்னைக் கட்டித் தழுவி முத்தம் கொடுத்துவிட்டதை, லீ என்ற மாணவர் பிற்காலத்தில் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கைக்குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அவர் பெற்ற முதல் முத்தம் அது. கூட இருந்த பையன்கள் சிரித்தார்களாம். இவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் கணக்கும் இலக்கணமும் படித்தார்கள், சரி. ஆனால் அந்த வீடுகளில் அவர்கள் கற்றதற்குப் பாடத்திட்டம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் வீட்டுத் தலைவரோடு மகள் எதிர்வாதம் பேசுவதைப் பார்த்தார்கள். விறகு பிளக்கும் பாதிரியாரைப் பார்த்தார்கள். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் செருப்புத் தைப்பவர் எழுந்து கேள்வி கேட்பதைப் பார்த்தார்கள். நீளப் பட்டு அங்கியும் பின்னலுமாகத் தெருவில் போனால் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். ஆகவே அங்கி கோட்டாயிற்று, பின்னல் சட்டைக்குள் மறைந்தது. பின்னலைக் கத்தரிக்க மட்டும் முடியாது. அது மஞ்சு சக்கரவர்த்திக்கு அடங்கியவன் என்பதற்கு அடையாளம். வெட்டினால் ராஜத் துரோகம். அந்தப் பின்னலோடு பேஸ்பால் ஆடினார்கள். நம் கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறையான அந்த ஆட்டத்தில் ஒரு கோஷ்டியே அமைத்துக்கொண்டார்கள். பந்து வீச்சில் கெட்டிக்காரனாயிருந்த லியாங் துன்யென் பிற்பாடு சீனாவின் வெளிநாட்டு மந்திரியானார்.

ஹார்ட்ஃபர்ட் நகரில் சீன சர்க்காரின் தலைமை அலுவலகம் இருந்தது. பையன்கள் முறை வைத்து அங்கே வந்து சீன எழுத்தும் பழைய நூல்களும் படிக்கவேண்டும். சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கி விழுந்து கும்பிடவேண்டும். 1876-ல் வூ ஸுடெங் என்பவர் தலைமை அதிகாரியாக வந்தார். பழைய பரீட்சைகளில் தேறிய பண்டிதர். பையன்கள் தம்மை வணங்கும் அழகைப் பார்த்தார், அவர்கள் பேசும் சீன மொழியைக் கேட்டார், திடுக்கிட்டுப் போனார். இவர்கள் தேசத்தை மறந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போகிறார்கள், படிப்பைவிட விளையாட்டு அதிகம், பெரியோரிடம் மரியாதை இல்லை, இவர்களால் சீனாவுக்கு எள்ளளவும் பயனில்லை என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதினார்.

வூவை வில்லனாக்கிவிடுவது சுலபம். யூங் விங்கே தம் சுயசரிதத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அந்தப் பண்டிதர் பார்த்ததெல்லாம் உண்மைதான். பையன்கள் மாறித்தான் போயிருந்தார்கள். சிலர் பின்னலை வெட்டியும் இருந்தார்கள். அவர்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 12 வயதுப் பிள்ளையை அன்னியர் வீட்டில் விட்டுவிட்டு, அவனுடைய நாக்கும் நடையும் மாறக்கூடாது என்று எதிர்பார்த்தது பீக்கிங் அரண்மனையின் பிழை. கண்ணால் கண்டதை எழுதிய வூ, அந்த மாறுதலுக்கு நாசம் என்ற ஒரே பொருள்தான் உண்டு என்று எண்ணினார். அங்கேதான் சறுக்கினார்.

அமெரிக்காவும் தன் பங்குக்கு உதவிற்று. 1868-ம் வருஷத்து ஒப்பந்தப்படி சர்க்கார் கல்வி நிலையங்களில் சீனர்களுக்கு இடம் தருவதாக அந்த தேசம் வாக்களித்திருந்தது. அதை நம்பி, தம் மாணவர்களை ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளும்படி யூங் விங் கேட்டார். இடமில்லை என்று பதில் வந்தது. ஜப்பானியருக்கு அதே கடற்படைக் கல்லூரியில் இடமிருந்தது! மேற்குக் கரையில் சீனக் கூலிகளுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்துகொண்டிருந்த காலம். பீரங்கிப் படிப்புக்காகத்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள்; அந்தப் படிப்பே கிடையாது என்றால் பணம் எதற்கு என்று பீக்கிங்கில் கேட்பவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று.

பையன்களுக்காகப் பரிந்து பேசியவர்கள் சாமானியமானவர்களல்ல. ஹார்ட்ஃபர்டில் குடியிருந்த நாவலாசிரியர் மார்க் ட்வெயினும் அவர் நண்பர் ட்விச்செல் பாதிரியாரும் நியூயார்க்குக்குப் போய் மாஜி ஜனாதிபதி கிராண்டைக் கண்டார்கள். கிராண்ட் உலகச் சுற்றுப் பயணத்தில் லீ ஹுங்சாங்கைச் சந்தித்து நட்புக் கொண்டவர். உடனே கடிதம் எழுதினார். சில மாத அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். யேல் கல்லூரித் தலைவர் போர்ட்டர் எழுதிய விண்ணப்பமும் பலிக்கவில்லை. 1881-ல் எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. பதினைந்தில் ஒன்பது வருஷந்தான் ஆகியிருந்தது. கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தவர்கள் இரண்டே பேர். மறுவருஷமே சீனக் கூலிகள் உள்ளே வரக்கூடாதென்று அமெரிக்கா சட்டம் செய்தது.

ஷாங்காய்த் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றபோது நல்ல வரவேற்பு இருக்கும் என்று பையன்கள் எதிர்பார்த்தார்கள். வந்தது சிப்பாய்கள். பாழடைந்த பழைய கல்விக்கூடம் ஒன்றில், ஈரமும் நாற்றமுமாக, சில நாள் காவலில் வைத்தார்கள். அங்கே பட்ட பாட்டை ஒரு மாணவன் ஹார்ட்ஃபர்டில் தான் தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கு விவரமாக எழுதினான். பெற்ற தாய்க்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. அவளுக்கு அதன் பொருள் விளங்கியிருக்காது. இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

பிறகு ஆட்டுச் சந்தையில் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். யார் என்ன படித்தான் என்று கேட்கவில்லை. இவன் தந்திக்கு, இவன் கடற்படைக்கு, இவன் வைத்தியத்துக்கு. 1884-ல் ஃபூச்சௌ துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் சீனக் கப்பற்படையை ஒரு மணி நேரத்துக்குள் அழித்தபோது, பேஸ்பால் ஆடிய அந்தப் பையன்களில் சிலரும் மடிந்தார்கள்.

பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் ஜான் தியென்யூ. (இந்த ஜான் கிறிஸ்தவப் பெயரல்ல, சீனக் குடும்பப் பெயர்தான்.) யேலில் ரயில் பாதைப் பொறியியல் படித்தவர். அவரை என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? கப்பல் ஓட்டக் கற்றுக்கொள் என்று கடற்படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்! ஏழு வருஷம் வீணாயிற்று. 1888-ல்தான் ரயில்வே வேலை கிடைத்தது. பிறகு 1905-ல், பீக்கிங்கிலிருந்து வடமேற்கே மலைகளைத் தாண்டிக் கால்கன் நகருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் பாதை போடும் யோசனை வந்தது. பிரிட்டிஷ்காரருக்குக் கொடுத்தால் ருஷ்யருக்குக் கோபம். ருஷ்யருக்குக் கொடுத்தால் பிரிட்டிஷாருக்குக் கோபம். ஆகவே இருவருக்கும் இல்லை, எங்கள் ஆளே போடட்டும் என்று சர்க்கார் சொல்லிற்று. அப்படிப்பட்ட சீனப் பொறியியலார் இன்னும் பிறக்கவில்லை என்று வெளிநாட்டார் பரிகசித்தார்கள்.

ஜான் தியென்யூ வந்தார். சீனப் பெருஞ்சுவருக்கு அடியில் பாதாலிங் என்ற இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டவேண்டும். இரு முனையிலிருந்து மட்டும் வெட்டினால் காலம் போதாதென்று, மலை உச்சியிலிருந்து கிணறு தோண்டி நடுவிலிருந்தும் வெட்டச் செய்தார். சரிவு மிகுந்த சிங்லுங்சியாவ் என்ற இடத்தில், ரயில் ஒரு முனைவரை ஏறி, அங்கே நின்று, பின்னோக்கித் திரும்பி மேலே ஏறும்படி பாதையை மடித்தார். முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். 1909-ல், கெடுவுக்கு முன்பே, மதிப்பிட்டதைவிடக் குறைந்த செலவில் பாதை முடிந்தது. வேலை நடக்கையில் கனெக்டிகட்டில் தம்மை வளர்த்த நார்த்ராப் அம்மாளுக்கு அவர் கடிதம் எழுதிவந்தார். தாம் தோற்றால் சீனப் பொறியியலார் அத்தனை பேருக்கும் தோல்வி என்ற பாரம் அவர் மனத்தில் இருந்தது. அதை அந்தச் சிற்றூர் அம்மாளிடம் இறக்கி வைத்திருக்கிறார்.

யூங் விங்கின் பிற்காலம் இவ்வளவு சுகமானதல்ல. 1898-ல் சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்ததால் பீக்கிங்கை விட்டு ஓட நேர்ந்தது. அதே வருஷத்தில், 1852 முதல் அவருக்கிருந்த அமெரிக்கக் குடியுரிமை செல்லாது என்று அந்த தேசமும் கைவிரித்துவிட்டது. மகன் யேலில் பட்டம் பெறும் 1902-ல் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தார். 1912-ல் ஹார்ட்ஃபர்டில் காலமானார். அந்த வருஷமே சீனக் குடியரசின் முதல் பிரதம மந்திரியாக வந்த டாங் ஷாவோயி அவருடைய 120 பேரில் ஒருவர்.

இன்னும் இருவரைச் சொல்லவேண்டும். லியாங் செங் என்ற பழைய மாணவர் வாஷிங்டனில் சீனத் தூதரானார். பாக்ஸர் கலகத்துக்காகச் சீனாவிடம் வசூலித்த நஷ்ட ஈட்டில் அமெரிக்கா தன் இழப்புக்கு மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து, அதைத் திருப்பித் தரும்படி விடாமல் வாதாடினார். 1908-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இணங்கிற்று. அந்தப் பணத்தில் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பவும், அவர்களைத் தயார் செய்யப் பீக்கிங்கில் ஒரு பள்ளி வைக்கவும் தீர்மானமாயிற்று. அந்தப் பள்ளிதான் இன்றைய ட்ஸிங்ஹுவா பல்கலைக்கழகம். 1909-ல் முதல் கூட்டமாக 47 மாணவர்கள் கப்பலேறினார்கள். அவர்களை அழைத்துச் சென்றவர் டாங் குவோவான். 1881-ல் திரும்பி வரும்படி உத்தரவு வந்தபோது, யேலில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தவர் அவர்.