இணைய நூலகமும் சரித்திர மாணவரும்

1981ஆம் ஆண்டில் ஓரிரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அதனோடு சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ள அச்சு நூல்களைத் தேடிச் சேர்க்கலாம். ஒரே பிரதியாயிருந்த ஏட்டுச் சுவடிகள் போனவை போனவையே. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம் எமது நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து யாவரும் இலவசமாக வாசிக்க வைத்திருப்பதன் அருமை இவ்விழப்பை அறிந்தார்க்கே நன்கு விளங்கும்.

பிறநாடுகள் பலவற்றிற் பொதுசன நூலகங்களே பழைய பத்திரிகைத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுகின்றன. அங்கத்துவ அட்டையின் இலக்கத்தைக் கொடுத்து வீட்டிலிருந்தே வாசிக்கலாம். எமக்கு அவ்வசதி அரிதாயினும், பதிப்புரிமைக் காலம் கடந்தவை பல இலவசமாகவே கிடைக்கின்றன.

அவற்றுள் ஒன்றில் நாம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தோம். 1816இல் இங்கு வந்து பணி தொடங்கிய அம்மிஷனாரின் கடிதங்கள் பொஸ்ரன் நகரில் வெளியான ‘மிஷனரி ஹெரல்ட்’ என்னும் சஞ்சிகையில் அச்சாயின. அதன் பழைய தொகுதிகளை இணையத்திற் சொல்லிட்டுத் தேடலாம். இக்கால வழக்கின்படி உடுவில் என்று ஆங்கிலத்தில் இட்டோம், ஒன்றும் வரவில்லை. இரண்டு மாலைகள் வீணாயின. “ஆதாரம் எதுவும் கிடைத்திலது” என்று முதற் பிரதியில் எழுதியும் விட்டோம்! நல்லவேளை, நூலகத்திலே பணிபுரியும் ஐயா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “தம்பிமார், அந்தக் காலத்து வெள்ளைக்காரன் உங்களைப்போலவா எழுதினான்?” என்றார்.

அவர்கள் உகரத்திற்கு ஆங்கில ‘ஓ’ எழுத்தை இரட்டித்து எழுதினர். ஈற்றில் ஆங்கில ஊர்ப் பெயர்போல ‘வில்’ என்பதை நீட்டினர். வட்டுக்கோட்டையோ ‘பட்டிக்கோட்டா’ ஆயிற்று. அவ்வாறு இட்டதும் கடிதங்கள் குவிந்தன. தேடுபொறி எழுத்தைத்தான் தேடுகிறது, ஊரையன்று. எனவே தேடுமுன் பழைய தேசப்படமொன்றைப் பார்த்துப் பெயர்களின் எழுத்துக்கூட்டலைக் குறித்துக்கொள்வது நன்று. தமிழ்ப் பத்திரிகைகளுள் பெரும்பாலானவை பக்கப் படங்களாகவே கிடைப்பதால், அவற்றைப் பொறுமையாகப் புரட்டுவதன்றி வேறு வழியில்லை.

கிடைத்த கடிதங்களையும் அப்படியே நம்பலாகாது. அவை கடல் கடந்து பணம் அனுப்பியோர் வாசிப்பதற்காக அச்சிடப்பட்டவை. மனம் மகிழும் செய்திகளே அவற்றில் மிகுதி. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடச்செய்யும் வழக்கமும் அன்று இருந்தது. ஆகவே அமெரிக்கப் பெயரொன்றை இட்டால் எமதூர்ச் சிறுமி ஒருத்தி தோன்றுகிறாள். பெற்றார் அவளை அழைத்த பெயரை எம்மாற் காணமுடியவில்லை. அதனை எழுதவேண்டிய இடங்களை எமது கட்டுரையில் வெறுமையாகவே விட்டுக் கொடுத்தோம்.