திருவிதாங்கூர் மலைகளின் மிளகெலி

மலபார் முள் மரஎலியின் உடல் நீளம், வாலைச் சேர்க்காமல், பெரும்பாலும் 13 அல்லது 14 செ.மீ. வால் 7.5 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். எடை ஏறத்தாழ 75 கிராம். முற்றத்தில் ஓடும் அணிலைவிடச் சற்றுக் குறைவு. முதுகில் மென்மயிருக்கு நடுவே தட்டையான முட்கள் கிடக்கின்றன. வாலின் அடியில் மயிர் குறைவு. போகப்போக அடர்ந்து குஞ்சமாகி வெள்ளை நுனியில் முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த எலி கிடையாது.

இதை அறிவியல் உலகுக்குக் கொண்டுசேர்த்தவர் ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார். முண்டக்கயம் பகுதியில் மலை அரையர்களிடையே பணியாற்றியவர். அவர் வழியாகக் கிடைத்த மாதிரியைக் கொண்டு, கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்ட் பிளைத் 1859இல் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். பாறை இடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் வாழ்கிறது, கதிரும் கிழங்கும் சேர்த்துவைக்கிறது என்று பேக்கர் முதலில் எழுதியது பெரும்பாலும் கேள்விச் செய்தி. பிறகு மூன்று வாரம் மலையில் தங்கி அவரே தேடினார். உயரமான பள்ளத்தாக்குகளில், பழுத்த முதுமரங்களில் மட்டுமே அவை வாழ்வதையும், மரத்தில் சிறு குழி குடைந்து இலையும் பாசியும் நிரப்பிக் கூடு அமைப்பதையும் கண்டார். ஒரே காலையில் 16 எலிகள் கிடைத்தன. அவ்வளவு எளிதில் கிடைக்கும் விலங்கைப் பெரிய அருங்காட்சியகங்கள் அதுவரை அறியாதிருந்தது வியப்புக்குரியது.

மலைமக்களுக்கு அது புதிதல்ல. பழுத்த மிளகைப் பெருமளவில் தின்று தீர்ப்பதால் மிளகெலி என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் மிளகு சாதாரண விளைபொருள் அல்ல. திவான் மாதவ ராவ் காலத்தில் நீக்கப்படும்வரை மிளகு வாணிபம் அரசின் தனியுரிமை. கருவூலத்துக்குப் பெரும் வருவாய் தந்த பண்டம். கொடி மரத்தைப் பற்றி ஏறுவதால், மரத்திலேயே குடியிருக்கும் எலிக்குக் கொத்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பலாவும் அயினியும் தப்பவில்லை.

அடுத்தது கள். அந்த மலைகளில் கூந்தற்பனை ஏராளம். பாளையைச் சீவிக் கலயம் கட்டிக் கள் இறக்குவார்கள். கலயத்தின் மூடியைக் கடித்துத் துளைத்து இந்த எலிகள் உள்ளே இறங்கிவிடும். பாதி மூழ்கிய நிலையில் இரண்டு எலிகள் கலயத்தோடே பேக்கரிடம் கொண்டுவரப்பட்டன. இந்த வேலைக்கு அதன் சிற்றுடல் மிகவும் பொருந்தியது: மெல்லிய கொடியும் பாளையும் தாங்கும் எடை, சிறு துளைக்குள் நுழையும் பருமன். இவ்விலங்கு பற்றிய முதல் நல்ல செய்திகள் பேக்கரின் தேடலிலிருந்தும் மலைமக்களிடமிருந்தும் வந்தவை; பிற்கால நூல்கள் நெடுங்காலம் அவற்றையே எடுத்தாண்டன.

இனவகைப்பாட்டில்தான் குழப்பம் நீடித்தது. குஞ்ச வாலைப் பார்த்தவர்கள் இதை ஐரோப்பாவின் உறங்கெலிகளோடு சேர்த்தார்கள். ஆனால் உறங்கெலிக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கமும் நான்கு அரைக்கும் பற்கள் உண்டு, இதற்கு மூன்றுதான். 1877இல் மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்த சீன மரஎலி இதன் நெருங்கிய உறவு. உருவில் இன்னும் சிறியது. அந்தச் சீன இனத்தின் மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, எலிப் பெருங்குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் முன்னே பிரிந்த கிளை இவற்றினுடையது என்று காட்டியது. இவ்விரண்டும் அடங்கிய சிறு குடும்பத்தின் புதைபடிவங்கள் ஐரோப்பாவிலும் கிடைத்துள்ளன. இன்று எஞ்சியிருக்கும் கிளைகள் இரண்டே.

தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறை மழைக்காடு இதன் முக்கிய இருப்பிடம். அங்கே நடந்த கள ஆய்வை திவ்யா முத்தப்பாவும் சகஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்டார்கள். இரவில் மட்டும் நடமாடும் இவ்வெலி, வெடிப்பலா மரத்தின் சதைப்பற்றான பூக்களைத் தேடிவரும் பாலூட்டிகளில் ஒன்று. பொந்துள்ள முதுமரங்களும் தொடர்ந்து பின்னிய கிளைகளும் இதற்குக் கட்டாயம் வேண்டும். பின்னாளில் தேயிலைக்கும் காப்பிக்கும் திருத்தப்பட்ட சரிவுகளில் அந்த மரங்கள் வீழ்ந்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது இப்போது அழிவாய்ப்பு உள்ள இனம்.