விளக்கம்: ‘அண்டத் திகில்’ கதை என்றால் என்ன?

பேய்க்கதைனா பழிவாங்க ஓர் ஆவி இருக்கும், பரிகாரமும் இருக்கும். ‘அண்டத் திகில்’ கதையில் இரண்டுமே கிடையாது. மனிதனைக் கண்டுகொள்ளாத பிரபஞ்சம்தான் அதில் பயம். 1923-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதிய கதைகளால் இவ்வகை பிரபலமானது.

இந்தப் பயம் நம்ம தோட்டங்களுக்குப் புதுசு இல்லை. பேராக், பத்து காஜா அருகே ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மாளிகை கட்டியபோது, ஸ்பானிஷ் காய்ச்சல் தமிழ்த் தொழிலாளர்கள் பலரைப் பலிகொண்டது. மருந்தில்லாத அந்தச் சாவுக்குப் பரிகாரமாக அவர்கள் கேட்டது மாரியம்மன் கோயில். ஸ்மித் கட்டிக் கொடுத்தார் என்கிறது வரலாறு.

1926-இல் ஸ்மித் லிஸ்பனில் இறக்க, மாளிகை பாதியில் நின்றது. இன்று அதை ‘பேய் பங்களா’னு பார்க்கப் போறாங்க. நீங்கள் போனால், அந்தக் கோயிலையும் பார்த்துட்டு வாங்க.