எர்ணாவூர் வட்டாரக் குற்றப் போக்குகள்

எர்ணாவூர், வடசென்னையில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ள கடலோர ஊர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கப்பால் மணலித் தொழிற்சாலைகள். ஒரு நகரின் குற்றங்கள் இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுவதை இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இந்தக் கரையோரத்தில் கண்கூடாகப் பார்க்கலாம்.

சென்னைத் துறைமுகத்தை நம்பிய குற்றம் சரக்கோடு சேர்ந்து மாறியது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது கடத்தல் தங்கத்துக்கும் வெளிநாட்டுப் பொருள்களுக்கும் நல்ல விலை கிடைத்தது. 1990-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1991-க்குப் பின் இறக்குமதியும் தளர்ந்ததும் அந்த ஆதாயம் சுருங்கியது. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் பெரும் தொழிலாக இருந்தது. ‘குண்டாஸ்’ என்று மக்கள் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் முதலில் குறிவைத்தவர்களில் கள்ளச்சாராயக்காரர்களும் குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர்களும் உண்டு. 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களும், 2006-இல் மணல் கொள்ளையரும், 2014-இல் இணையக் குற்றவாளிகளும் அதில் சேர்க்கப்பட்டனர். இந்த ஒரு சட்டத்தின் திருத்தங்களே தமிழ்நாட்டுக் குற்றங்களின் சுருக்க வரலாறு.

இடம் குற்றத்தை வடிவமைப்பதற்கு எண்ணூர் விரைவுச் சாலையே சான்று. சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் பல ஆண்டுகள் இங்கே மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், வரிசையில் நின்றன. ஓட்டுநர் வெளியூர்க்காரர், கையில் வழிச்செலவுப் பணமும் கைப்பேசியும் இருக்கும், நள்ளிரவில் தூங்காமலும் இருக்க முடியாது. கத்தியைக் காட்டிப் பறிப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. இலக்கு, அதைக் குறிவைப்பவன், காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது என்று கோஹன், ஃபெல்சன் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் எழுதினர். லாரி வரிசையில் அந்த மூன்றும் இரவுதோறும் கூடின. இதற்கு ரோந்து வண்டி மட்டும் போதாது. துறைமுக வாயிலில் தாமதத்தைக் குறைப்பதும், லாரி நிறுத்துமிடமும் தெருவிளக்கும் அமைப்பதும் குற்றத் தடுப்பு வேலைதான்.

காவல் என்பது அக்கம்பக்கத்தாரின் பார்வையும்தான். 2004 சுனாமியில் வீடிழந்த கடலோரக் குடும்பங்களுக்காக எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. குப்பத்தில் புதிதாக ஒருவர் நுழைந்தால் நாலு திண்ணைகள் கவனிக்கும். பல இடத்தாரை ஒன்றாகக் குடியேற்றிய மாடி வீடுகளில் அந்தப் பார்வை மீண்டும் உருவாக ஆண்டுகள் ஆகும்.

எண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டப்படி பதிவான வழக்குகள் 2019-இல் சுமார் 1.7 லட்சம், 2020-இல் சுமார் 8.9 லட்சம். மக்கள் ஓராண்டில் ஐந்து மடங்கு கெட்டுப்போகவில்லை. ஊரடங்கை மீறியதாக 188-ஆம் பிரிவில் போட்ட வழக்குகளே பெரும்பகுதி. 2022 தொடக்கத்தில் சென்னைக் காவல் ஆணையரகம் மூன்றாகப் பிரிந்து, எண்ணூர் ஆவடி ஆணையரகத்தின் கீழ் போனது. எனவே ‘சென்னை’ என்ற தலைப்பின் கீழ் வரும் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பவை அல்ல. குற்றத்தின் வகைப்பாடும் மாறுகிறது. செயின் பறிப்பு முன்பு திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவாயிற்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம்.

‘வடசென்னை என்றால் ரவுடி’ என்ற பேச்சு ஆதாரமற்றது. வேலைக்குப் போகும் இளைஞர்களின் முகவரியையே அது களங்கமாக்குகிறது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 விழுக்காட்டு இடங்களிலிருந்தே வந்தன என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. குற்றம் ஒரு முனையில், ஒரு சந்தில் குவிகிறது. ஊர் முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை.

தொழிற்சாலைகளால் நேரும் கேடுகளையும் குற்றக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எர்ணாவூர் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர் படகும் வலையும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நடு இரவில் ஓடினர். இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இவற்றை விட்டுவிட்டு, வழிப்பறியையும் கஞ்சாவையும் மட்டும் குறித்து வரையும் குற்ற வரைபடம் எர்ணாவூரைப் பொறுத்தவரை பாதி வரைபடமே.